வஞ்சிரம் மார்க், பம்பாய் கம்பெனி, நான்

நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து சில வாரங்களுக்கு முன் போன் வந்தது. சரியாகச் சொன்னால், நான் வேலை பார்த்த கம்பெனியை வாங்கிய கம்பெனியிலிருந்து. புகார்ப் பிரிவில் இருக்கும் ஷாலினி என்ற பெண் பேசினாள். அவர்கள் இப்போது இன்னொரு சின்னக் கம்பெனியையும் வாங்கப்போகிறார்களாம். அதன் பெயரையும் மாற்றாமல் அப்படியே விடப்போகிறார்களாம். வாங்கிய கம்பெனிகளின் பெயரை நாம் ஏன் மாற்றுவதில்லை என்று என் அனுபவத்தை வைத்து எழுதிக் கொடுத்தால் கம்பெனியின் உள்பத்திரிகையில் போடலாம் என்றாள். சரி என்று வாயை விட்டுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன எழுதுவது என்று யோசித்தேன். வேலையில் இருந்தபோதே எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, புரிந்த கொஞ்சமும் குழம்பிவிட்டது. அதனால் காரணம் சொல்ல முயலாமல், நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் கமாலுதீன். தண்டையார்ப்பேட்டையில் வீடு. ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் போய்க் கமாலுதீன் யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். வஞ்சிரம் பாய் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவரும். வஞ்சிரம் என்பது திருவொற்றியூரில் எங்கள் தொழிற்சாலை தயாரித்த படகுப் பெயிண்ட். பச்சை டின், மூடியில் வெள்ளி நிறத்தில் ஒரு வஞ்சிர மீன் படம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் பழைய முதலாளி வைத்த பெயர் அது. கடற்கரைக்காரன் எதை மறந்தாலும் விலை கூடிய மீனை மறக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. அந்த மீனை வாரம் ஒருமுறை வாங்கித் தின்கிற வசதி எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. சட்டைப் பையில் மட்டும் எல்லோரும் அந்த மீன் சின்னத்தைக் குத்திக்கொண்டு திரிந்தோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரவை மெஷினில் இருந்தேன், பிறகு டின் நிரப்பும் பிரிவு, பிறகு பரிசோதனை அறை. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணெரிச்சலும் ஓவர்டைமும்தான். கொஞ்சம் பேசத் தெரிந்தவன் என்று கண்டுகொண்டு என்னைப் புகார் பார்க்கிற வேலைக்கு அனுப்பினார்கள். பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரைக்கும் எந்தப் படகில் பெயிண்ட் உரிந்தாலும் நான் போய் நிற்பேன். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. போனதும் பெயிண்டைத் தொடக்கூடாது. முதலில் டீ குடிக்கவேண்டும், படகுக்காரர் திட்டுவதை முழுக்கக் கேட்கவேண்டும். அதற்குப் பிறகுதான் பிளேடு. பெயிண்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, மேலே செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். டேப்போடு கட்டங்கள் வந்துவிட்டால் பெயிண்ட் மரத்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு உரிந்த துண்டின் பின்பக்கம் பார்க்கவேண்டும். ஈரம் இருந்தால் மரம் காயவில்லை, பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் சரியாகச் சுரண்டவில்லை. கடைசியாக ஒரு கேள்வி: பெயிண்டில் என்ன கலந்தீர்கள்?

அந்தக் கேள்விக்குக் கடற்கரை முழுக்க ஒரே பதில்தான். ஒண்ணும் கலக்கல பாய். என்ன கலந்திருந்தாலும் அதுதான் பதில். கலந்தோம் என்று சொன்னால் கம்பெனி மாற்று டின் தராது என்பது எல்லோருக்கும் தெரியும். அது பொய்யாக இருக்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்பேன், அவர்களும் சொல்வார்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவுவது போல அந்தக் கேள்வி பதில் நடந்துமுடியும்.

அப்படி இருக்கும்போதுதான் பழைய முதலாளியின் பிள்ளைகள் கம்பெனியை விற்றார்கள். வாங்கியது ஒரு பெரிய பம்பாய் கம்பெனி. வீடு, பாலம், கார், ஃபிரிட்ஜ் என்று வர்ணம் பூசக்கூடிய எல்லாவற்றுக்கும் பெயிண்ட் விற்பவர்கள். சட்டைப் பையில் புதுச் சின்னம் வந்தது. வாசல் பலகை மாறியது. டின் மட்டும் அப்படியே வஞ்சிரம்.

எங்களுக்கு அது விளங்கவில்லை. முதலாளியும் மாறியாயிற்று, போர்டையும் மாற்றிவிட்டார்கள், டின்னை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேண்டீனில் தினமும் இதே பேச்சு. டின் நிரப்பும் பிரிவின் எத்திராஜ் ஒரு முடிவோடு இருந்தார். எனக்கு மூத்தவர், சங்கத்திலும் இருந்தவர். “பேரு இருக்கிற வரைக்கும்தான் ஃபேக்டரி. பேர எடுத்தான்னா நம்மள வூட்டுக்கு அனுப்பப் போறான்னு அர்த்தம்” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் சோறு அந்த மீன் படத்தில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

அடுத்த வருஷமே பயந்தது நடந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், எங்களுக்கு அதுதான் விற்பனைக் காலம். அந்த வருஷம் பம்பாயிலிருந்து நீல டின்கள் வந்து இறங்கின. மீன் படம் இல்லை, பெரிய கம்பெனியின் பெயர் மட்டும். பாதி உற்பத்தியைப் பச்சை டின்னிலும் பாதியை நீல டின்னிலும் நிரப்பச் சொன்னார்கள். ஒரே தொட்டி, ஒரே பெயிண்ட். நீல டின் நன்றாக விற்றால் பச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. எத்திராஜ் நீல டின்னை மூடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நீல டின் நன்றாகவே விற்றது. சரக்கைக் கடற்கரையில் மால் என்பார்கள்; பெரிய கம்பெனி மால் என்றால் சும்மாவா? பிறகு தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பின. புகார்கள் வரத் தொடங்கின. எல்லாம் நீல டின்.

அதில் ஒன்று தேசப்பனுடையது. காசிமேட்டுக்காரன், என் வயது, என் தோஸ்து. விசைப்படகு வைத்திருந்தான். அவன் படகின் இடது பக்கம் முழுக்க வாழைப்பட்டை உரிவது போல உரிந்து தொங்கியது. நான் போய்ப் பிளேடு வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, கையால் இழுத்தால் வந்தது. பின்பக்கம் ஈரம் இல்லை. பழைய பெயிண்ட் இல்லை. மரம் சுத்தமாக இருந்தது. என்ன கலந்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் கலக்கவில்லை, தின்னர் மட்டும் என்றான். பெயிண்டை இளக்க ஊற்றும் அந்தத் தின்னரும் டின்னில் போட்டிருக்கும் அளவுதான். ஆனால் இதே தொட்டிப் பெயிண்டைப் பச்சை டின்னில் வாங்கி அடித்த படகுகள் பக்கத்திலேயே பளபளவென்று நின்றன.

“படகக் கரையேத்தி மறுபடியும் அடிக்கணும். சீசன்ல எவன் ஏத்துவான்? என் பொயப்புல மண்ணு அள்ளிப் போட்டுட்டியே பாய்” என்றான் தேசப்பன். அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

பம்பாயிலிருந்து மீரா மேடத்தை அனுப்பினார்கள். எந்தப் பெயரை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு எழுதுகிற அதிகாரம் அவருக்கு இருந்தது. திருச்சியில் படித்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். அவரிடம் ஒரு பழக்கம். ஒரே கேள்வியைக் காலையில் ஒருமுறை கேட்பார், சாப்பிடும்போது ஒருமுறை கேட்பார், கிளம்பும்போது ஏதோ மறந்துபோனவர் மாதிரி மறுபடி கேட்பார். பதில் சொல்லி முடித்த பிறகும் உடனே பேசமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் நாமே இன்னும் நாலு வார்த்தை உளறுவோம். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் துடைக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று. யாரையும் கடிந்து பேசிப் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று பாராட்டியும் கேட்டதில்லை.

அவரை நேராகத் தேசப்பனிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். காலையில் கேட்டார், பெயிண்டில் என்ன கலந்தீர்கள் என்று. தின்னர் மட்டும் என்றான். மதியம் தேசப்பன் வீட்டிலிருந்து சோறும் நெத்திலிக் குழம்பும் வந்தது. தயிர்சாதம் கொண்டுவந்திருந்த மேடம், அதை அவன் பேத்திக்குக் கொடுத்துவிட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டபடியே மறுபடி கேட்டார். அதே பதில். சாயங்காலம் எழுந்து செருப்பைப் போட்டவர், ஞாபகம் வந்தவர் போல நின்றார். ஆனால் இந்த முறை நீல டின்னைப் பற்றிக் கேட்கவில்லை. போன வருஷம் வஞ்சிரத்தில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

தேசப்பன் என்னைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். பாய் முன்னாடி சொல்லக்கூடாதுதான் என்று இழுத்தான்.

“வஞ்சிரத்துக்கு மீனெண்ண ஊத்துவோம்மா. எங்கப்பன் காலத்துலேர்ந்து ஊத்திகினுதான் கீறோம். அது கெட்டி மாலு, எண்ண ஊத்துனாத்தான் கட்டையில எறங்கும்.”

“நீல டின்னுக்கு ஏன் ஊத்தல?” என்றார் மேடம்.

“அது பெரிய கம்பெனி மாலாச்சே. அவனே எல்லாம் போட்டுத்தான குடுப்பான்? டின்னுல இன்னா போட்டிருக்குதோ அதத்தான் செஞ்சோம்.”

இத்தனை வருஷம் கடற்கரை முழுக்க மீனெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் சிரிப்புக்கு இடமானது. துறைமுகத்தில் எதை மோந்தாலும் மீன்வாடைதான், பெயிண்டில் மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் பெயிண்டைக் கட்டிக்காத்தது எங்கள் தொழிற்சாலை இல்லை, அதைக் கெடுக்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்ட இவர்கள்தான். ஆட்டோவில் திரும்பும்போது மேடத்திடம் கேட்டேன், ஒரே பெயிண்ட் இரண்டு பெயரில் இரண்டு மாதிரி நடந்துகொள்ளுமா என்று. ராயபுரம் பாலம் வரைக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“பேரை மாத்தினா டின் மட்டும் மாறும்னு நெனச்சோம், கமாலுதீன். அவங்க கையும் மாறிடுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் எழுதிய முடிவு எல்லோரும் அறிந்தது. நீல டின் நிறுத்தப்பட்டது. வஞ்சிரம் பெயர், படம், பச்சை நிறம் எதுவும் மாறாது என்று அறிவித்தார்கள். தொழிற்சாலையில் அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எத்திராஜ் வாசலில் தேங்காய் உடைத்தார். நான் புளியந்தோப்பிலிருந்து கறி வாங்கிவந்தேன், பிரியாணி போட்டோம். பெயர் பிழைத்தது, நாமும் பிழைத்தோம் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். இப்போது நினைத்தாலும் அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

சில வருஷங்களில் திருவொற்றியூர் தொழிற்சாலையை மூடினார்கள். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, இந்த இடத்தில் பெயிண்ட் காய்ச்சுவது இனிமேல் சரிப்படாது, வேறு மாநிலத்தில் பெரிய ஆலை தயாராக இருக்கிறது என்றார்கள். எல்லாம் நியாயமான காரணம். வஞ்சிரம் அங்கே போயிற்று, மீன் படத்தோடு. நாங்கள் போகவில்லை.

நான் மீரா மேடத்துக்குப் போன் போட்டேன். கோபத்தில் என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. பெயரைக் காப்பாற்றித் தந்துவிட்டுத் தொழிற்சாலையைப் பிடுங்கிக்கொண்டீர்களே என்கிற மாதிரி ஏதோ. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். புகார்க்காரர்கள் திட்டுவதை நான் கேட்பது போலவே கேட்டார்.

“என்கிட்ட பேரை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு மட்டும்தான் கேட்டாங்க. ஃபேக்டரியைப் பத்தி யாரும் கேக்கல. ரெண்டும் ஒண்ணுன்னு நீங்க நெனச்சீங்க. அப்படி நினைக்காதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும்” என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்தது, மிச்சக் காலத்தைச் சென்னை அலுவலகத்தில் வைத்து ஓட்டவிட்டார்கள். எத்திராஜ் இப்போது வள்ளூர் மின் நிலையப் பக்கத்தில் ஒரு காண்டிராக்டரிடம் காவல் வேலை பார்க்கிறார். தன் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வேறு கம்பெனி பெயிண்ட் அடித்திருக்கிறார். வஞ்சிரம் நல்ல பெயிண்ட்தானே என்று ஒருநாள் கேட்டேன். மனுஷன் டீ குடிக்கலாமா என்று எழுந்துவிட்டார்.

இந்தக் கதையை இதோடு முடித்து ஷாலினிக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் தேசப்பன் கூப்பிட்டான். இந்தத் தடைக்காலத்தில் மகனுக்காகப் புதுப் படகு கட்டியிருக்கிறான். இருந்த நகையெல்லாம் அதில் போயிருக்கிறது. வஞ்சிரம்தான் அடித்திருக்கிறான். அடித்த பெயிண்ட் காயவே மாட்டேன் என்கிறதாம். தடை முடியப்போகிறது, முதல் நாளே இறங்காவிட்டால் மீனுக்கு நல்ல விலை கிடைக்காது. நான் ஓய்வு பெற்றவன், எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

பழைய பழக்கப்படி டீ குடித்தேன். பழைய பழக்கப்படி திட்டு வாங்கினேன். பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலின் ரேகை அப்படியே பதிந்தது, கொசுக்கள் ஒட்டிக் கிடந்தன. குனிந்து மோந்தேன். துறைமுகம் முழுக்க அதே வாடைதான், ஆனால் இப்போது எதைத் தேடுவது என்று எனக்குத் தெரியும்.

“எண்ண ஊத்துனியா?”

“ஊத்தாம? வஞ்சிரமாச்சே.”

ஷாலினிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவள் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். புது ஆலையில் இந்த வருஷம் பெயிண்டின் கலவையை மாற்றிவிட்டார்களாம். இப்போது அது கெட்டி இல்லை, தானே மரத்தில் இறங்கும். எண்ணெய் ஊற்றினால் காயாது. டின்னின் பக்கவாட்டில் அதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்றாள். திருப்பிப் பார்த்தேன், போட்டிருந்தது. ஆனால் வஞ்சிரம் டின்னைப் படிக்கிற வழக்கம் யாருக்கு இருக்கிறது? அதை அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கைக்குத் தெரியுமே.

எல்லாவற்றையும் சுரண்டச் சொன்னேன். தேசப்பனும் அவன் மகனும் சொந்தக்காரர்களும் படகைச் சுற்றி நின்று சுரண்டினார்கள். ஷாலினி நல்ல பெண், யாரிடமோ பேசி ராயபுரம் கடையிலிருந்து புது டின்கள் வரவழைத்தாள். எண்ணெய் இல்லாமல் அடித்தோம். தூரிகையைப் பிடித்தவர்களுக்குக் கை வரவில்லை, பேஜாராகத் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் போய்ப் பிளேடால் கீறி டேப் ஒட்டி இழுத்தேன். ஒரு கட்டம்கூட வரவில்லை. தேசப்பன் அந்த வெறும் டேப்பை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“அப்போ இது வஞ்சிரம் இல்லியா?” என்று கேட்டான்.

“பேரு அதான். மாலு வேற” என்றேன்.

“அன்னிக்கி மாலு அதான், பேரு வேறன்ன. இன்னிக்கி பேரு அதான், மாலு வேறன்ற. ஒருவாட்டியாச்சும் ஒயுங்கா சொல்லேன் பாய். எதுதான் வஞ்சிரம்?”

பழைய முதலாளி இல்லை, திருவொற்றியூர் தொழிற்சாலை இல்லை, தொட்டி இல்லை, பழைய கலவை இல்லை, எத்திராஜ் வள்ளூரில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அது வஞ்சிரம்தான். அது எப்படி என்று ஷாலினியின் பத்திரிகைக்கு நான் என்ன எழுதுவேன்?

காசிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகுக்கு முதலில் திறந்த பெயிண்ட் டின்னின் மூடியைத் தூக்கிப் போடமாட்டார்கள். மஞ்சள் தடவி, ஓட்டுபவர் நிற்கிற இடத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். தேசப்பனின் அப்பா படகில் ஒன்று இருந்தது, அவன் படகில் ஒன்று இருந்தது. இரண்டும் திருவொற்றியூரில் நிரப்பிய டின்களின் மூடிகள், ஒருவேளை நானே நிரப்பியதாகவும் இருக்கலாம். இப்போது அவன் கையில் இந்தப் புது மூடி. சுத்தியலும் கையுமாக மேலே ஏறி நின்றுகொண்டு ‘வஞ்சிரம் பாய்’ என்று என்னைக் கூப்பிட்டான்.

நானும் ஏறினேன். மூடியை வாங்கிப் பார்த்தேன். அதே வெள்ளி மீன். பின்பக்கம் வேறு ஊர் விலாசம். மாட்டவேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எத்திராஜுக்கு நிம்மதியாக இருக்கும், எனக்கும் ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றேன்.

“இன்னா அத்தப் போட்டுத் திருப்பிகினுகீற?” என்றான் தேசப்பன். “ஃபேக்டரி பூட்ச்சி, மாலு மாறிடுச்சி, எல்லாம் எனக்கும் தெரியுது. அதுக்குன்னு இந்தப் பேரையும் எடுத்துட்டா, நாளிக்கு உன்ன நான் இன்னான்னு கூப்புடுவேன்?”

கீழே நின்ற அவன் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. மீன் தலை கடலைப் பார்க்கும்படி மூடியை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தேசப்பன் ஆணி அடித்தான்.